ஏழாம் சதுரம்

நாங்குநேரிக்குத் தெற்கே
காற்றாடிகள் சுற்றும் பொட்டலில்
பன்னிரண்டு சதுரம் அளந்து வேலி போட்டோம்.
ஆறுக்கு மட்டும் பாலித்தீன் கூரை.
அதன்மேல் விழும் மழை
உள்ளே போகாமல் பார்ப்பது என் வேலை.
மழைக்கு ஏங்கும் ஊரில்
மழையைத் தடுக்கச் சம்பளம் வாங்கியவள் நான்.

கொழுக்கட்டைப் புல்லைப் பிடுங்கினால்
வேர் மணலில் காலுறை போட்டிருக்கும்.
உதறினாலும் விழாது.
புல் கசிந்த சர்க்கரையைத் தின்று
கண்ணுக்குத் தெரியாதவர்கள் கட்டிய சுவர் அது.
வெயிலில் நின்று புல் சம்பாதிப்பதில்
ஐந்தில் ஒரு பங்கோ என்னவோ
கீழே கூலியாகப் போகிறது.
ஒரு சிட்டிகை மண்ணுக்குள்
மேலப்பாளையம் முழுக்கக் குடியிருக்கும்,
சந்தைக்கு வந்த ஆடுகளையும் சேர்த்து.

ராத்திரி மண்மேல் டப்பாவைக் கவிழ்ப்பேன்.
உள்ளே சிறு கிண்ணத்தில் காரநீர்.
விடியும்வரை மண் விட்ட மூச்சை
அது பிடித்து வைத்திருக்கும்.
காலையில் சொட்டுச் சொட்டாய் அமிலம்.
இளஞ்சிவப்பு சீக்கிரம் வெளுத்தால்
மண் நன்றாக மூச்சு விட்டிருக்கிறது.
நேரமெடுத்தால்
கீழே யாரோ பட்டினி.

"மண்ணுக்கு மூச்சு இருக்குன்னா
மூக்கு எங்கன இருக்கு டீச்சர்?"
வேலிக்கு அந்தப்பக்கம் பலவேசம்,
நாற்பது ஆட்டோடு.
நான் டீச்சர் இல்லை. திருத்தவில்லை.

மாதிரி மண் கெடாமலிருக்க ஐஸ் வேண்டும்.
தருகிறவர் உவரியிலிருந்து வரும்
மீன்காரர் தஸ்நேவிஸ்.
ஆகவே ஆய்வகத்தில் என் மண்ணுக்கு
எப்போதும் சாளை மணம்.

முதல் கோடையில் கூரைக்கடியில்
தழை சுருண்டது; கூலி நிற்கவில்லை.
இரண்டாம் கோடையில் நின்றது.
செத்தவர்கள் செத்தார்கள்.
சிலர் தடித்த தோலுக்குள் சுருண்டு
வித்தாகிக் கிடந்தார்கள்.
நூலாய் நீளும் ஒரு கூட்டம் மட்டும்,
காய்ச்சல் தாங்கத் தெரிந்தவர்கள்,
காலியான இடங்களில் பரவியது.
தலைக்கணக்கு ஏறக்குறைய அதேதான்.
ஊர்தான் வேறு.

முதல் தூறலில் நீங்கள் மூக்கை விரிப்பது
அந்தக் கூட்டத்தின் வாசத்துக்கு.
உங்களை நினைத்து எழுதிய கடிதமில்லை.
மண்ணில் ஊரும் ஒரு குட்டிப் பூச்சிக்கு எழுதியது:
வா,
என் வித்தை வேறெங்காவது சுமந்து போ.

பிறகு
மார்கழி பிறந்த கையோடு
ஒரு வருஷத்து மழை ஒரு பகலில் வந்தது.
கூரை ஆறும் போயிற்று.
ஒன்றை மட்டும் உடைமரத்தில் பார்த்தேன்,
யாரோ உலரப்போட்ட வேட்டிபோல.
கூரைச் சதுரம், கூரையில்லாச் சதுரம்,
எல்லாம் ஒரே குளம்.
இரண்டு வருஷம் சொட்டுக்கூட விடாமல் காத்தவள்
மேட்டில் நின்று பார்த்தேன்.
காற்றுப் போகாத சேற்றுக்குள்
அதுவரை வாய் திறக்காத இன்னொரு கூட்டம் எழுந்தது.
அழுகிய முட்டை நாற்றம்,
நாலு நாள்.

சோதனை ரத்து என்று மின்னஞ்சல்.
தண்ணீர் வடிந்தபின் வேலியைச் சுருட்டப் போனேன்.
பலவேசத்தின் ஆடுகள் உள்ளே.
ஏழாம் சதுரத்தில்
வண்டலைக் கீறிப் புல் ஒரு சாண் வந்திருந்தது.
வந்ததை ஒரு கிடாய் தின்றுகொண்டிருந்தது.
வைய வாயெடுத்தேன்.
ஆடு கடித்த புல் சிலவேளை
வேர்வழி அள்ளிக் கொடுக்கும் என்று
எப்போதோ படித்தது குறுக்கே வந்தது.

பழக்கதோஷம்.
அன்றிரவும் டப்பாவைக் கவிழ்த்தேன்.

காலையில்
வழக்கத்தில் பாதி அமிலத்திலேயே
நிறம் போய்விட்டது.
இன்னொரு முறை செய்தேன். அதே பாதி.
யாரும் கேட்காத எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று எழுதினேன். வண்டல் என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து,
கிடாய், கறுப்பு, இடது கொம்பு முறிந்தது.

தோளுக்குப் பின்னாலிருந்து பலவேசம் எட்டிப் பார்த்தார்.
"எதுக்கு டீச்சர்,
என் ஆட்டப்பத்தி என்ன எழுதுதிய?"